விட்டமின் டி குறைந்தவருக்கு மாரடைப்பு ஏன் கூடுகிறது?

மாரடைப்பு மரணங்களுக்குப் பருவம் உண்டு. பிரிட்டனில் ஜனவரி வாக்கில் கூடும், ஆஸ்திரேலியாவில் ஜூலை வாக்கில் கூடும். இரண்டுமே அந்தந்த நாட்டின் குளிர்காலம். குளிரில் ரத்தக் குழாய் சுருங்குகிறது, பிரஷர் ஏறுகிறது, சளிக்காய்ச்சல் பரவுகிறது என்று இதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் இருந்தன. 1981-ல் ராபர்ட் ஸ்க்ராக் என்ற ஆய்வாளர் வேறொன்றைச் சொன்னார். குளிர்காலத்தில் வெயில் குறைவு. வெயில் படாத தோலில் விட்டமின் டி உருவாகாது. இதயத்தைக் காத்துவந்த ஏதோ ஒன்று அந்த மாதங்களில் உடலில் வற்றிப்போகிறதோ என்பது அவர் ஊகம். பிறகு நியூசிலாந்தின் ஆக்லாந்தில், மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தையும் அதே ஊரில் வராதவர்களின் ரத்தத்தையும் ஒப்பிட்டு 1990-ல் ஒரு கட்டுரை எழுதினார். மாரடைப்பு வந்தவர்களிடம் விட்டமின் டி குறைவாகவே இருந்தது.

ஊகத்தைச் சொன்னவரே அதற்கு ஆதரவாக ஆதாரம் சேர்ப்பது புதிதல்ல. ஆனால் முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, ஐயாயிரம் பேருக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்து, அந்த ஊகத்துக்கு எதிரான முடிவை அவரே தலைமையேற்று வெளியிட்டதை அடிக்கடி காண முடியாது. ஸ்க்ராக் 2017-ல் அதைச் செய்தார். இடைப்பட்ட காலத்தில் உலகம் முழுவதும், குறிப்பாக நம் ஊர் ரத்தப் பரிசோதனைக் கூடங்களிலும் மருந்துக் கடைகளிலும், விட்டமின் டி பெரிய வியாபாரமாகிவிட்டிருந்தது.

ஊகம் வெறுங்கையோடு வந்ததல்ல. விட்டமின் டி உடலுக்குள் ஹார்மோன் போலவே வேலை செய்கிறது. தோலில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்புப் பொருள் மீது புற ஊதா பி கதிர் படும்போது அது விட்டமின் டி-யாக மாறுகிறது. கல்லீரல் அதை ஒரு முறை மாற்றுகிறது, சிறுநீரகம் இன்னொரு முறை மாற்றுகிறது. கடைசி வடிவம்தான் செல்களுக்குள் போய்க் கட்டளை இடுகிறது. அந்தக் கட்டளையை ஏற்கும் வாங்கிகள் எலும்பிலும் குடலிலும் மட்டுமல்ல, இதயத் தசையிலும், ரத்தக் குழாய்ச் சுவரிலும், இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களிலும் உண்டு. விட்டமின் டி இல்லாமல் வளர்த்த எலிகளின் கணையம் இன்சுலினைச் சரியாகச் சுரப்பதில்லை என்று ஆந்தனி நார்மன் குழு 1980-ல் காட்டியது. விட்டமின் டி வாங்கியை நீக்கிய சுண்டெலிகளில் ரெனின் என்ற நொதி கட்டுக்கடங்காமல் சுரந்து ரத்த அழுத்தம் ஏறுவதை, 2002-ல் சிகாகோவில் யான் சுன் லீ குழு கண்டது. பிரஷர், சுகர் இரண்டுக்கும் ஆய்வுக்கூடத்திலேயே வழி தெரிந்துவிட்டது.

அடுத்து மனிதர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் வரிசையாக வந்தன. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் இதய ஆய்வில், 1,739 பேரைச் சராசரியாக ஐந்தரை ஆண்டுகள் கவனித்து 2008-ல் ஒரு கணக்கு வெளியானது. ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமுக்குக் கீழே விட்டமின் டி இருந்தவர்களுக்கு இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்பு 62 சதவீதம் கூடுதல். உள்ளே புகுந்து பார்த்தால், அந்தக் கூடுதல் ஏற்கெனவே பிரஷர் உள்ளவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு, மருத்துவத் துறையில் வேலை செய்யும் 18,225 ஆண்களிலிருந்து எடுத்தது. 15-க்குக் கீழே இருந்தவர்களின் மாரடைப்பு அபாயம், 30-க்கு மேல் இருந்தவர்களைப் போல இரண்டரை மடங்கை நெருங்கியது. 2010-ல் பிரிட்டனின் வாரிக் பல்கலைக்கழகக் குழு இப்படிப்பட்ட 28 ஆய்வுகளைச் சேர்த்து, கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேரை வைத்து ஒரு தொகுப்பாய்வு செய்தது. விட்டமின் டி மிக அதிகமாக இருந்தவர்களுக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிட இதய நோய் 33 சதவீதமும், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் 55 சதவீதமும், பிரஷர், தொப்பை, கொழுப்பு, சர்க்கரை எல்லாம் சேர்ந்து வரும் வளர்சிதை மாற்றக் கோளாறு 51 சதவீதமும் குறைவு.

55 சதவீதம்! சர்க்கரை நோய்க்கு எதிராக இப்படி ஒரு எண்ணைக் காட்டிய மருந்து எதுவும் விட்டமின் டி விலைக்குக் கிடைக்காது. மருத்துவர்களுக்கு ஆசை வந்ததில் வியப்பில்லை. அமெரிக்காவில் முதியோர் காப்பீட்டின் கீழ் செய்யப்படும் விட்டமின் டி பரிசோதனை 2000-க்கும் 2010-க்கும் இடையே எண்பது மடங்குக்கு மேல் பெருகியது. நம் ஊரிலும் மாஸ்டர் செக்கப் பட்டியலில் அது இடம்பிடித்தது. 20-க்குக் கீழ் என்றால் குறைபாடு, 20 முதல் 30 வரை போதாமை, 30-க்கு மேல் போதுமானது என்று அறிக்கையின் ஓரத்தில் அச்சாகிவிடும். எண்ணுக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு குறியும் இருக்கும். வாரம் ஒரு 60,000 யூனிட் சாஷே, எட்டு வாரம். பாலில் கலந்து குடித்தவர்கள் இல்லாத தெரு தமிழ்நாட்டு நகரங்களில் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆனால் அந்த 28 ஆய்வுகளும் ஒரே வகையானவை. எல்லாவற்றிலும் ஆய்வாளர்கள் மக்களை அவர்கள் இருந்தபடியே பார்த்தார்கள், எதையும் மாற்றவில்லை. விட்டமின் டி குறைந்தவர் யார் என்று யோசித்தால் சிக்கல் புரியும். படுத்த படுக்கையாக இருப்பவர் வெளியே போவதில்லை. மூட்டு வலிக்காரர் நடப்பதில்லை. நீண்ட நாள் நோயாளியின் சாப்பாட்டில் மீனும் முட்டையும் பாலும் குறைந்துபோயிருக்கும். இவர்கள் எல்லாருக்கும் இதய நோய் வர வேறு காரணங்கள் போதுமான அளவு இருக்கின்றன. நரைத்த தலைக்காரர்களுக்கு மாரடைப்பு அதிகம் வருகிறது என்பதும் உண்மைதான். அதற்காகச் சாயம் பூசிக்கொண்டால் அபாயம் குறைந்துவிடாது.

உடல் பருமனை மட்டும் எடுத்துக்கொள்வோம். விட்டமின் டி கொழுப்பில் கரைவது. பருத்த உடலில் அது கொழுப்புத் திசுவுக்குள் பரவிவிடுவதால் ரத்தத்தில் அளவு தாழ்ந்து காட்டும். பருமன் விட்டமின் டி-யைக் குறைக்கிறதா, விட்டமின் டி குறைவதால் பருமன் வருகிறதா? 2013-ல் 42,000 பேரின் மரபணுக்களை வைத்து இதற்குப் பதில் தேடினார்கள். பிறக்கும்போதே கிடைத்த மரபணுவைப் பிற்கால வாழ்க்கை மாற்றாது என்பதால், எது காரணம் எது விளைவு என்று பிரிக்க அது ஒரு நல்ல கருவி. எடையைக் கூட்டும் மரபணுக்களைப் பெற்றவர்களுக்கு விட்டமின் டி குறைந்தே இருந்தது. உடல் நிறை குறியீடு 10 சதவீதம் கூடினால் விட்டமின் டி சுமார் 4 சதவீதம் இறங்கியது. மறுபக்கம், விட்டமின் டி-யைக் குறைக்கும் மரபணுக்கள் எடையைக் கூட்டவில்லை. சர்க்கரை நோயின் முதன்மைக் காரணங்களில் ஒன்றான பருமனே விட்டமின் டி-யையும் கீழே இழுக்கிறது என்றால், அந்த 55 சதவீதத்தில் எவ்வளவு விட்டமின் டி-யின் கணக்கு, எவ்வளவு தொப்பையின் கணக்கு?

நோயே அளவைக் குறைக்கும் வழியும் உண்டு. முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர்களின் ரத்தத்தை அறுவைக்கு முன்னும் பின்னும் சோதித்தபோது, ஓரிரு நாளிலேயே விட்டமின் டி அளவு சரிந்திருந்தது. வெயிலோ சாப்பாடோ அவ்வளவு விரைவில் மாற்றியிருக்க முடியாது. உடலில் அழற்சி ஏறினால் இந்த அளவு இறங்கும். இதய நோய், சர்க்கரை நோய் இரண்டிலும் மெல்லிய அழற்சி ஆண்டுக்கணக்கில் இருக்கும் என்பது இப்போது எல்லாரும் ஏற்ற விஷயம். பிலிப் ஓட்டியே குழு 2014-ல் 290 பின்தொடர் ஆய்வுகளையும் 172 சோதனைகளையும் எதிரெதிரே வைத்துப் பார்த்துவிட்டு, விட்டமின் டி குறைவது பெரும்பாலும் உடல்நலம் கெட்டதன் அடையாளமே, காரணம் அல்ல என்று எழுதியது.

இந்தப் பாடத்தை மருத்துவம் ஏற்கெனவே விலை கொடுத்துக் கற்றிருந்தது. பீட்டா கரோட்டின் ரத்தத்தில் அதிகம் உள்ளவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று ஆய்வுகள் சொன்னதை நம்பி, ஃபின்லாந்தில் 29,133 புகைபிடிப்பவர்களை வைத்துச் சோதனை நடத்தினார்கள். 1994-ல் முடிவு வந்தது: பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்றே. ஒத்த மக்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு விட்டமின் டி-யும் மறு பாதிக்கு அதைப் போலவே தோன்றும் வெற்று மாத்திரையும் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஸ்க்ராக் ஆக்லாந்தில் 50 வயதைக் கடந்த ஐயாயிரத்துச் சொச்சம் பேரை இப்படிப் பிரித்து, ஒரு பாதிக்கு மாதம் ஒரு லட்சம் யூனிட் கொடுத்தார். 'விடா' என்று பெயரிட்ட அந்தச் சோதனையில், மூன்றாண்டுக்குச் சற்று மேல் ஆனபின் இதய, ரத்தக்குழாய் நோய் வந்தவர்கள்: விட்டமின் டி பெற்றவர்களில் 11.8 சதவீதம், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 11.5 சதவீதம்.

அடுத்த ஆண்டே அமெரிக்காவின் 'வைட்டல்' சோதனை வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஜோஆன் மான்சன் நடத்திய இதில் 25,871 பேர். அவர்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கறுப்பினத்தவர். தினம் 2,000 யூனிட், ஐந்தாண்டுக்குச் சற்று மேல். மாத்திரை வேலை செய்யாமல் இல்லை. ரத்தத்தில் அளவு 30-ஐ ஒட்டி இருந்தது 40-ஐத் தாண்டியது. மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் எல்லாம் சேர்த்து விட்டமின் டி பெற்றவர்களில் 396, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 409. இந்தப் பதின்மூன்றைத் தற்செயலிலிருந்து பிரித்துக் காட்ட முடியாது. 2019-ல் 21 சோதனைகளின் 83,000 பேரைச் சேர்த்து ஒரு தொகுப்பாய்வு நடந்தது. அபாய விகிதம் சரியாக 1.00. அதாவது, மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஒன்றே.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் உண்டு. வைட்டல் சோதனைக்கு வந்தவர்களின் சராசரி அளவு 30.8. இருபதுக்குக் கீழ் இருந்தவர்கள் எட்டில் ஒருவர்தான். பசியில்லாதவருக்குச் சோறு போட்டுவிட்டுச் சோற்றால் பயனில்லை என்று முடிவுகட்டலாமா? மிகக் குறைந்த அளவுள்ளவர்களுக்கு இதயத்துக்குப் பயன் இருக்கக்கூடாதா? அப்படிப்பட்டவர்களை மட்டும் சேர்த்துப் பெரிய சோதனை நடத்துவது கடினம். எலும்பு மென்மையாகும் அளவுக்குக் குறைந்தவர் என்று தெரிந்தபின், ஐந்தாண்டு வெற்று மாத்திரை கொடுத்து வேடிக்கை பார்க்க எந்த மருத்துவ அறநெறிக் குழுவும் ஒப்பாது.

அதனால் மறுபடியும் மரபணுவை நாடினார்கள். 2021-ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் லட்சக்கணக்கானோரின் மரபணுத் தகவலை வைத்து எழுதிய கட்டுரை, பொதுவாகப் பயனில்லை, ஆனால் மிகவும் குறைந்த அளவுள்ளவர்களிடம் விட்டமின் டி கூடினால் இறப்பு குறையும் தடயம் தெரிகிறது என்றது. ஆட்சேபம் சொன்னவர்களுக்கு இது தெம்பூட்டியது. பிறகு அந்தக் கணக்கு முறையையே சோதித்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். அதே முறையைப் பயன்படுத்தினால், விட்டமின் டி மரபணு ஒருவரின் வயதையும், ஆணா பெண்ணா என்பதையும்கூட மாற்றுவதாகக் காட்டியது! கட்டுரை திரும்பப் பெறப்பட்டு, திருத்திய கணக்கோடு 2024-ல் மீண்டும் வெளியானது. இம்முறை தடயம் இல்லை. தவறை மூடி மறைக்காமல் பொதுவில் திருத்திக்கொண்டதற்காக அந்த ஆய்வாளர்களை மெச்ச வேண்டும். ஆனால் முதல் கட்டுரையைச் செய்தியாக்கியவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைச் செய்தியாக்கினார்கள்?

கதவு முற்றிலும் சாத்தப்பட்டுவிட்டது என்றும் சொல்லமாட்டேன். ஆஸ்திரேலியாவில் 60 வயதைத் தாண்டிய 21,315 பேரில் ஒரு பாதிக்கு மாதம் 60,000 யூனிட் கொடுத்த 'டி-ஹெல்த்' சோதனையில், 2023-ல் வெளியான கணக்குப்படி பெரிய இதயப் பாதிப்புகள் 9 சதவீதம் குறைந்திருந்தன. ஆனால் பிழை எல்லை சுழியத்தையும் தொட்டு நிற்கிறது. அதே சோதனையில் ஒட்டுமொத்த இறப்பு குறையவில்லை. உண்மையிலேயே பயன் இருந்தாலும் அது மிகச் சிறியது என்று இதை வாசிப்பதே என் பார்வையில் பொருத்தம். 2010-ல் பேசப்பட்ட 33 சதவீதத்துக்கு இது பக்கத்தில்கூட வராது.

சர்க்கரை நோயின் கதை சற்று வேறு. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 2,423 அமெரிக்கர்களில் ஒரு பாதிக்குத் தினம் 4,000 யூனிட் கொடுத்துப் பார்த்த 'டி2டி' சோதனை 2019-ல் முடிந்தது. இரண்டரை ஆண்டில் விட்டமின் டி பெற்றவர்களில் 293 பேருக்கும், மற்றவர்களில் 323 பேருக்கும் சர்க்கரை நோய் வந்தது. 12 சதவீதம் குறைவு. ஆனால் தற்செயல் அல்ல என்று சொல்லத் தேவையான புள்ளியியல் எல்லையைத் தாண்டவில்லை. நார்வே, ஜப்பான் சோதனைகளையும் இதனோடு சேர்த்து 2023-ல் கணக்கிட்டபோது குறைவு 15 சதவீதமாகி, எல்லையையும் தாண்டியது. விளிம்பில் நிற்பவர்களுக்கு இங்கே உண்மையான, ஆனால் மெல்லிய ஒரு பயன் இருக்கக்கூடும்.

அதை எதனோடு ஒப்பிடுவது? சென்னையிலேயே விடை இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்தியச் சர்க்கரை நோய்த் தடுப்புச் சோதனையின் முடிவு 2006-ல் வந்தது. விளிம்பில் இருந்த 531 பேர். எதுவும் செய்யாமல் விட்டவர்களில் மூன்றாண்டில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவு ஆலோசனையும் தினம் அரை மணி நேர நடையும் பழக்கிய குழுவில் 39.3 சதவீதம். குறைவு 28.5 சதவீதம், மெட்ஃபார்மின் மாத்திரை தந்த குழுவிலும் ஏறக்குறைய அவ்வளவே. எடை பெரிதாகக் குறையாமலே இது நடந்தது. வேறு நாடு, வேறு மக்கள் என்பதால் இரண்டையும் நேராக நிறுத்துப் பார்ப்பது முறையல்ல. ஆனாலும் அரிசிச் சோற்றின் அளவைக் குறைத்து மாலையில் நடந்தவருக்குக் கிடைத்தது, டி2டி-யில் மாத்திரைக்குக் கிடைத்ததைப் போல இரண்டு மடங்கு. பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-ல் சொன்ன தமிழ்நாட்டில், இந்தச் சென்னைச் சோதனைக்குக் கிடைத்த விளம்பரம் விட்டமின் சாஷேவுக்குக் கிடைத்ததில் ஒரு சிறு பங்குகூட இல்லை.

வெயில் கொட்டும் ஊரில் ஏன் இந்தக் குறைபாடு என்ற கேள்வியையும் விட்டுவிட முடியாது. திருப்பதியில் ஹரிநாராயண் குழு நடத்திய ஆய்வுகள் இதற்கு நல்ல பதில் தருகின்றன. அந்த அட்சரேகையில், அதாவது சென்னைக்குக் கொஞ்சம் மேலே, தோலில் விட்டமின் டி நன்றாக உருவாகும் நேரம் காலை 11 முதல் பிற்பகல் 2 வரை. சூரியன் சாய்ந்திருக்கும்போது புற ஊதா பி கதிர்கள் வளிமண்டலத்திலேயே வடிகட்டப்பட்டுவிடும். மெரினாவில் காலை ஆறு மணிக்கு வேர்க்க விறுவிறுக்க நடப்பவர்கள் விட்டமின் டி-க்காக நடந்தால் பயன் மிகக் குறைவு. இதயத்துக்காகவும் சுகருக்காகவும் நடந்தால் முழுப் பயன், அதுவும் விட்டமின் டி உதவியில்லாமலே! நம் கருத்த தோலில் உள்ள நிறமி கதிர்களைத் தடுப்பதால் வெள்ளைத் தோலுக்குத் தேவைப்படுவதைவிட நீண்ட நேர வெயில் வேண்டும். வயலில் வேலை செய்பவர்களின் அளவு நகரத்தாரைவிட மேலாக இருந்ததையும் அதே குழு கண்டது.

குறைபாடு பொய் என்றோ, மாத்திரை வீண் என்றோ இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸும் பெரியவர்களுக்கு எலும்பு மென்மையாதலும் உண்மையான நோய்கள். அவற்றுக்கு விட்டமின் டி மருந்துதான். இதயத்தைக் காட்டி அதை விற்பதே பிரச்சினை. அளவுக்கு மீறினால் அதற்கும் விலை உண்டு. ஆஸ்திரேலியாவில் வயதான 2,256 பெண்களில் ஒரு பாதிக்கு ஆண்டுக்கு ஒரே முறை ஐந்து லட்சம் யூனிட் கொடுத்த சோதனையில், 2010-ல் வந்த முடிவுப்படி கீழே விழுவது 15 சதவீதமும் எலும்பு முறிவு 26 சதவீதமும் கூடியிருந்தன. இங்கே வாரம் ஒன்று என்று எழுதித் தந்த சாஷேவைத் தினம் ஒன்றாகக் குடித்து, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் மலச்சிக்கலுமாகத் தொடங்கிச் சிறுநீரகம் பழுதாகி வந்தவர்களை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

20, 30 என்ற அந்த எல்லைக் கோடுகளைப் பரப்பியதில் அமெரிக்காவின் நாளமில்லாச் சுரப்பியியல் மருத்துவர் சங்கம் 2011-ல் வெளியிட்ட வழிகாட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. அதே சங்கம் 2024-ல் புதிய வழிகாட்டி வெளியிட்டது. பழைய கோடுகளை இனி ஆதரிக்கவில்லை என்றது. 75 வயதுக்குட்பட்ட ஆரோக்கியமானவர்கள் அன்றாடத் தேவைக்கு மேல் விட்டமின் டி எடுக்க வேண்டாம், வழக்கமான பரிசோதனையாக அளவு பார்க்கவும் வேண்டாம் என்றது. கருத்த தோலுடையவர்களுக்கும் பருமனானவர்களுக்கும்கூட அதே ஆலோசனைதான். குழந்தைகள், கர்ப்பிணிகள், 75-ஐத் தாண்டியவர்கள், சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவர்கள் ஆகியோருக்கு மட்டும் மாத்திரையைப் பரிசீலிக்கலாம் என்றது. இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர். 2020-ல் நிர்ணயித்த அன்றாட அளவு 600 யூனிட். நம் ஊர்ப் பரிசோதனை அறிக்கைகள் பலவற்றின் ஓரத்தில் அச்சாவது இன்றும் 2011-ன் கோடுகள்தான்.